பள்ளிக்கூடத்து ஆள்

எனக்குப் பொறுமை கிடையாது. என்னோடு ஆசிரியர் பயிற்சி படித்தவர்களைக் கேட்டால் முதலில் அதைத்தான் சொல்வார்கள். ஜவ்வாது மலையில் ஒரு சின்ன ஊரின் ஆரம்பப் பள்ளியில் வேலை கிடைத்தபோது, ஒரு வருஷம் தாங்கமாட்டாள், மாறுதல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவாள் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். படவேட்டுப் பக்கம் நெல்லையும் கரும்பையும் பார்த்து வளர்ந்தவள் நான். மலை என்பது எங்கள் வீட்டு மாடியில் துணி காயப்போடும்போது தெரியும் ஒரு நீலக் கோடு, அவ்வளவுதான். ஆனால் நான் இறங்கவில்லை. இன்னும் இங்கேதான் இருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. அன்றைக்கே இறங்கிப் போயிருக்கலாம் என்று தோன்றும் நாட்கள்தான் இப்போது அதிகம்.

பள்ளிக்கூடம் என்றால் இரண்டு அறை, ஒரு சமையல் கொட்டகை, பின்னால் கல்லும் உண்ணிச்செடியுமாகக் கொஞ்சம் மேட்டு நிலம். இன்னொரு ஆசிரியருக்கான இடம் காலியாகவே கிடக்கிறது. ஐந்து வகுப்புக்கும் நான் ஒருத்திதான். முதல் வருஷம் கரும்பலகையில் எழுதி எழுதிச் சாக்பீஸ் தூள் தின்றதுதான் மிச்சம். ஒரு கிலோ என்றால் எவ்வளவு என்று கேட்டால் பிள்ளைகள் என் முகத்தையே பார்ப்பார்கள். அதே பிள்ளைகள் ஒரு கை புளியை அள்ளினால், அது போன வருஷத்துப் புளியா புதுப் புளியா என்று வாயில் வைக்காமலே சொல்லிவிடுவார்கள். எனக்குக் கோபம் வந்தது. பிள்ளைகள்மேல் அல்ல, ரயில் வண்டியையும் நீச்சல் குளத்தையும் வைத்துக் கணக்குச் சொல்லித்தரும் புத்தகத்தின்மேல். அதை மூடி வைத்துவிட்டு, இரண்டு கொட்டாங்கச்சியும் ஒரு மூங்கில் குச்சியும் கொடுத்து, நீங்களே ஒரு தராசு கட்டுங்கள் என்றேன்.

கட்டினார்கள். ஒரு பக்கம் கல், ஒரு பக்கம் சாமை. எது கனம், எது லேசு என்று அடித்துக்கொண்டார்கள். அந்தச் சண்டை எனக்குப் பிடித்திருந்தது. அடுத்த முறை செங்கம் சந்தைக்குப் போனபோது ஒரு கொக்கித் தராசு வாங்கிவந்து தாழ்வாரத்து உத்திரத்தில் மாட்டினேன். கொக்கியில் பொருளைத் தொங்கவிட்டால் முள் இறங்கும். அது எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துப் படிக்கவேண்டும். அதன்பிறகு பள்ளிக்குள் வந்த எதையும் விடவில்லை. புத்தகப்பை, விறகு, சமையல் ஆயாவின் கோழி, கடைசியில் ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவனை டவுசரோடு சேர்த்து மாட்டிவிட்டார்கள். நான் கத்துகிறேன், அவன் சிரித்துக்கொண்டே தொங்குகிறான்.

அடுத்த ஆசை கொல்லை. பின்பக்க நிலத்தில் சாமை போட்டால் விதைப்பு, முளைப்பு, களை, அறுப்பு எல்லாமே பாடமாகிவிடும். ஆனால் அந்த மண்ணைப் பிள்ளைகளை வைத்து உழ முடியாது. பெற்றோர் கூட்டத்தில் வாய்விட்டுக் கேட்டேன். இந்த ஊரில் கொல்லை வேலைக்குக் கூலி ஆள் வைப்பதில்லை. மாத்தாள்தான். இன்று என் கொல்லைக்கு உன் வீட்டிலிருந்து ஓர் ஆள் வந்தால், நாளை நீ கூப்பிடும்போது என் வீட்டிலிருந்து ஓர் ஆள் வரவேண்டும். எங்கும் எழுதிவைப்பதில்லை, யாரும் மறப்பதும் இல்லை. ஆள் அனுப்பாத வீட்டோடு சண்டை போடமாட்டார்கள். அந்த வீட்டை அடுத்த முறை கூப்பிடமாட்டார்கள், அவ்வளவுதான். இங்கே அதைவிடப் பெரிய தண்டனை எதுவும் நான் பார்த்ததில்லை.

ஊர் வழக்குகளைத் தீர்த்துவைக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. எல்லோரும் அவரை நாட்டார் என்பார்கள். என் பேச்சைக் கேட்டுவிட்டுத் தாடையைத் தடவிக்கொண்டார்.

"மாத்தாளுன்னா வூட்டுக்கு வூடு வர்றது. பள்ளிக்கூடம் வூடா டீச்சர்?"

"வூடுதாங்க. இத்தினி பிள்ளைங்க இருக்கிற வூடு இந்த ஊர்ல வேற எது?" என்றேன்.

கூட்டம் சிரித்தது. நாட்டாரும் சிரித்தார். அப்படியானால் சரி, பள்ளிக்கூடத்தையும் முறையில் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். ஊரே நம்மை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று நினைத்தேன்.

சொன்னபடி ஏர்கள் வந்தன. உண்ணிச்செடியை வேரோடு பிடுங்கி, கல் பொறுக்கி, உழுது கொடுத்தார்கள். பிள்ளைகள் விதைத்தார்கள். பதிலுக்கு நாங்களும் போனோம். மாலை வேளைகளில் பெரிய பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, ஏர் அனுப்பிய ஒவ்வொரு வீட்டுக் கொல்லைக்கும் போய்க் களை எடுத்தோம். நான் களையோடு பயிரையும் பிடுங்கினேன். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த ஒரு பருவம் முழுக்க என் கையில் காப்பு காய்த்திருந்தது. மேலிடத்துக்கு நான் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, சமூகப் பங்கேற்பு அருமை என்று பாராட்டினார்கள். இன்னொரு ஆசிரியரை மட்டும் அனுப்பவில்லை.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியைப் பற்றித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அப்போது நான்காம் வகுப்பு. எலும்பும் தோலுமான உடம்பு, ஊருக்கே கேட்கும் குரல். தராசுப் பக்கம் வேறு யாரையும் அண்டவிடமாட்டாள். முள் ஆடி நிற்கும்வரை கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்திவைத்திருப்பாள். பெரிய கோடு, சின்னக் கோடு, இரண்டுக்கும் நடுவில் இருப்பது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்வாள். நான் தப்பாகப் படித்தால் திருத்துவாள். அதில் ஒரு திமிரும் இருக்கும். அந்தத் திமிரை நான் வேண்டுமென்றே வளர்த்தேன்.

சித்திரை பிறந்ததும் பள்ளியில் ஒரு சந்தை நாள் வைத்தோம். பெற்றோர் புளி, சாமை, தேன் என்று கொண்டுவரவேண்டும், பிள்ளைகள் நிறுத்துச் சொல்லவேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. இவளுடைய அம்மா ஒரு மூட்டை புளியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தாள். கீழேயிருந்து டெம்போவில் வரும் வியாபாரி காலையில் எடை போட்டு, சாயங்காலம் எடுத்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டுப் போன மூட்டை அது. விளையாட்டுக்குத்தான் கொண்டுவந்தாள். மகள் அதைப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தாள். கூட்டிப் பார்த்தாள். மறுபடியும் முதலிலிருந்து நிறுத்தாள். பிறகு அம்மாவைப் பார்த்து, வியாபாரி சொன்னதைவிட இதில் அதிகம் இருக்கிறது என்றாள்.

தாழ்வாரத்தில் நின்றவர்கள் தராசைச் சுற்றி நெருங்கினார்கள். தங்களை ஏமாற்றுகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. எவ்வளவு ஏமாற்றுகிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. அன்று சாயங்காலமே நாட்டாரும் நாலு பேரும் வியாபாரியை நிறுத்திக் கேட்டார்கள். அவன் குதித்தான், பிறகு வழிக்கு வந்தான். அதிலிருந்து ஊர்ப் புளி எல்லாம் எங்கள் தாழ்வாரத்துக்கு வந்து நிறுத்த பிறகுதான் டெம்போ ஏறியது. என் ஆசிரியர் வாழ்க்கையில் அதைப் போல ஒரு நாள் இனி வராது. அந்த நாளை நினைக்காமல் இருக்கமுடிந்தால் நன்றாக இருக்கும்.

அவள் ஐந்தாம் வகுப்புக்கு வந்தாள். இந்த ஊரிலிருந்து எந்தப் பெண் பிள்ளையும் ஆறாம் வகுப்புக்குப் போனதில்லை. ஐந்தோடு சரி. பிறகு மாடு, தம்பி தங்கை, அப்புறம் கல்யாணம். ஆறாம் வகுப்புக்குப் போகவேண்டுமென்றால் பஸ் ஏறிப்போய் விடுதியில் தங்கிப் படிக்கவேண்டும். இவளையாவது அங்கே கொண்டுபோய் உட்காரவைத்துவிடவேண்டும் என்று எனக்குள் ஒரு வைராக்கியம். நான் இந்த மலையில் இருந்ததற்கு அந்த ஒன்று போதும் என்று நினைத்தேன். அவள் அம்மாவிடம் பேசினேன். அவள் மறுப்பே சொல்லவில்லை. விடுதிக்குத் தகரப்பெட்டி வேண்டுமா, பை போதுமா என்றுகூடக் கேட்டாள். மகள் அதற்குள் மற்ற பிள்ளைகளிடம் விடுதியில் தினமும் சாம்பார் என்று கதை அளந்துகொண்டிருந்தாள்.

சாமை அறுவடை முடிந்து தை பிறந்தால் இந்த ஊர் காலியாகும். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரியின் வண்டி வரும். குடகுப் பக்கம் காப்பித் தோட்டங்களுக்குப் பழம் பறிக்கவும், அதையடுத்து மிளகு பறிக்கவும் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிப்போய்ப் பங்குனி கடைசியில்தான் திரும்புவார்கள். கைக்குழந்தையைத் தவிர மற்ற பிள்ளைகளைக் கிழவர்களிடம் விட்டுவிட்டுப் போகவேண்டும் என்று வீடு வீடாகப் போய்க் கெஞ்சி, அந்த வருஷம் எல்லோரையும் சம்மதிக்கவைத்திருந்தேன். மதியச் சாப்பாடு இருக்கிறது, நான் இருக்கிறேன், கவலையில்லாமல் போய்வாருங்கள் என்று சொல்லியிருந்தேன்.

வண்டி வருவதற்கு முதல்நாள் பள்ளி விடும் நேரத்தில் அவள் அம்மா வந்தாள். பின்னால் நாட்டாரும் இன்னும் சிலரும் வந்தார்கள். யாரும் உட்காரவில்லை. சாமை நன்றாக விளைந்ததா என்று விசாரித்தார்கள். பிள்ளைகளின் சாமையில் சோறு பொங்கி ஊருக்கே போட்டோமே, அதைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் அவள் அம்மாதான் ஆரம்பித்தாள்.

தோட்டத்தில் நாள் முழுக்கப் பறித்த பழத்தைச் சாயங்காலம் எடை போடுவார்களாம். எடைக்குத்தான் கூலி. எடை போடுகிறவன் முள்ளைப் பார்ப்பான், ஏதோ சொல்வான், எழுதிக்கொள்வான். இவர்கள் தலையாட்டிவிட்டு வருவார்கள். புளி வியாபாரியே அவ்வளவு ஏமாற்றியிருந்தால் தோட்டத்தில் எவ்வளவு போயிருக்கும் என்று, சந்தை நாளிலிருந்து ஊரே இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறதாம். இந்த முறை முள்ளைப் பார்க்கத் தெரிந்த ஓர் ஆள் கூட வரவேண்டும் என்று சொன்னாள்.

யாரைக் கேட்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. படிக்கிற பிள்ளை, ஜூன் மாதம் ஆறாவது போகவேண்டிய பிள்ளை, சட்டப்படி வேலைக்குக் கூட்டிப்போகவே கூடாது, நான் புகார் கொடுப்பேன் என்று கத்தினேன். எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அவள பழம் பறிக்க கூப்புடல டீச்சர். சாயங்காலம் முள்ள பாத்து சொன்னா போதும்," என்றாள் அம்மா. "நீங்கதான பள்ளிக்கூடமும் ஒரு வூடுன்னு சொன்னீங்க. எங்க ஆளு உங்க கொல்லைக்கு வந்துச்சி. இப்ப நாங்க கேக்கறோம். பள்ளிக்கூடத்து ஆளு ஒண்ணு எங்களுக்கு வோணும்."

நாங்கள்தான் வந்து களை எடுத்தோமே என்றேன். நாட்டார் தரையைப் பார்த்துக்கொண்டு, களைக்குக் களை சரியாகிவிட்டது, உண்ணி பிடுங்கி ஏர் ஓட்டியதற்கு இன்னும் பாக்கி நிற்கிறது என்றார். அதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. அவர் கணக்கில் அது நியாயம். பெற்ற மகளைக் கூட்டிப்போக என்னிடம் வந்து கேட்கவேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லவே இல்லை. அவள் என் வீட்டுப் பிள்ளை என்று ஒப்புக்கொண்டதால்தான் வந்து கேட்டார்கள்.

புகார் கொடுக்கத்தான் செய்தேன். கொடுக்கவேண்டிய இடங்களுக்கெல்லாம் போன் போட்டேன். விசாரிக்கிறோம் என்றார்கள். விசாரிக்க ஒருவர் மேலே ஏறி வருவதற்குள் வண்டி குடகு போய்ச் சேர்ந்திருந்தது. பிள்ளை வேலைக்குப் போகவில்லை, அப்பா அம்மாவோடு போயிருக்கிறாள் என்று ஊரில் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். வந்தவரும் அதையே எழுதிக்கொண்டு இறங்கினார்.

கிளம்பிய அன்று காலையில் அவள் பள்ளிக்கு ஓடிவந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து, புதுக் கவுன் போட்டிருந்தாள். தோட்டத்துத் தராசும் இப்படித்தான் இருக்குமா, வட்டமாக இருக்குமா, நம்பர் ஓடுவதாக இருக்குமா என்று கேட்டாள். நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். வட்டத் தராசில் முள் எங்கே தொடங்கும், வெறும் தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று முதலில் ஏன் பார்க்கவேண்டும் என்று தரையில் வரைந்து காட்டினேன். எப்படியும் போகப்போகிறாள், ஏமாறாமலாவது வரட்டும் என்று நினைத்தேன். கோடைக்குள் திரும்பிவிடுவாள், ஜூனில் விடுதி இருக்கிறது என்றும் என்னையே தேற்றிக்கொண்டேன். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வண்டிக்கு ஓடினாள்.

பங்குனி கடைசியில் வந்தார்கள். அவள் கறுத்து, வளர்ந்து, வேறு ஆளாக இருந்தாள். முதல் நாளே பூஜ்யத்தில் நிற்காத தராசைக் கண்டுபிடித்துவிட்டாளாம். எடை போடுகிறவன் அடிக்க வந்தானாம். பெண்கள் எல்லோரும் கூடையைக் கீழே வைத்துவிட்டு அவளைச் சுற்றி நின்றார்களாம். மறுநாளிலிருந்து ஒழுங்காகப் போட்டார்களாம். இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை. பகல் முழுக்க என்ன செய்தாய் என்று கேட்டேன். சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா, பழம் பறித்தேன் என்றாள். விரல் நுனியெல்லாம் கருப்பேறி வெடித்திருந்தது.

விடுதிக்கு எப்போது போகலாம் என்று கேட்டபோது அவள் என்னை நேராகப் பார்க்கவில்லை.

"விடுதில தை மாசம் லீவு வுடமாட்டாங்களாமே டீச்சர். நான் போய்ட்டா அங்க யாரு முள்ள பாக்கறது?"

அவள் அம்மாவிடம் போனேன். அவள் அழுதாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாள். அந்த அடுத்த வருஷம் வரப்போவதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஜூன் வந்தது. விடுதியில் அவளுக்காக நான் சொல்லிவைத்திருந்த இடத்துக்கு வேறு ஊர்ப் பிள்ளை போயிற்று. அவள் இப்போது காலையில் மாடு ஓட்டிக்கொண்டு பள்ளியைத் தாண்டிப் போகிறாள். என்னைப் பார்த்தால் சிரிக்கிறாள். சில நாள் தாழ்வாரத்தில் ஏறி, தராசு சரியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவாள்.

மழை இறங்கியதும், நான் கூப்பிடாமலே ஏர்கள் வந்தன. குடகு போய்வந்த குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தன. பள்ளிக்கூடம் ஆள் அனுப்பியது, பதில் செய்யவேண்டாமா என்றார்கள். அந்தக் கொல்லையை அவ்வளவு அழகாக அதற்குமுன் யாரும் உழுததில்லை. வரப்புகூடக் கட்டிக் கொடுத்தார்கள். வேண்டாம், இந்த வருஷம் சாமை போடப்போவதில்லை என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. டீச்சருக்குக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இரண்டு ஏர் மட்டும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கத்துத் தெருக்காரர்கள் என்று சொன்னார்கள். அவர்கள் வேறு மேஸ்திரியோடு வேறு தோட்டத்துக்குப் போகிறவர்கள். எங்கள் கொல்லைக்கு அவர்கள் ஒரு நாளும் வந்ததில்லை, நாங்களும் அவர்கள் கொல்லைக்குப் போனதில்லை. ஒரு பாக்கியும் இல்லாதவர்கள் ஏன் வந்தார்கள்? வேலை முடிந்து, மாட்டை மரத்தில் கட்டிவிட்டு, அவர்களில் ஒரு பெண் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். மூன்றாம் வகுப்பில் இருக்கும் தன் மகளின் முதுகில் கை வைத்துத் தாழ்வாரத்தின் பக்கம் தள்ளிவிட்டாள்.

"இதுக்கும் முள்ளு பாக்க கத்துக்குடுங்க டீச்சர். தைக்கு இன்னும் நாளு இருக்குது."

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். தராசைக் கற்றுத்தரமாட்டேன் என்று ஒரு வாத்தியார் சொல்ல முடியுமா? அதற்குள் பிள்ளை தன் பையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டது. முள் ஆடியது. மற்ற பிள்ளைகள் கத்தியபோது அது கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தியது. யாரிடமிருந்து கற்றுக்கொண்டது என்று நான் கேட்கவில்லை. முள் நின்றதும் பெரிய கோட்டையும் சின்னக் கோட்டையும் பார்த்துச் சத்தமாகப் படித்தது.

சரியாகத்தான் படித்தது.